அறிவின் விலை: இளையோருக்கான மூன்று மாயக் கதைகள்



பள்ளி நூலகர் ஒருவரின் நினைவாக அமைந்த அறக்கட்டளையில் பேச அழைத்தமைக்கு நன்றி. நூலகரிடம் கேட்கப்படும் கேள்விகளில் மிகக் கடினமானது, "அடுத்து எதைப் படிக்கலாம்?" என்பதுதான். மூன்றாம் வகுப்புக் குழந்தைக்கும் ஆராய்ச்சி மாணவருக்கும் எப்படியாவது பதில் சொல்லிவிடலாம். பன்னிரண்டுக்கும் பதினேழுக்கும் இடைப்பட்ட ஒருவர் வந்து நிற்கும்போதுதான் கை தயங்குகிறது. சிறுவர் அலமாரியைக் காட்டினால் அவர்கள் முகம் சுளிப்பார்கள். பெரியவர்களின் அலமாரியைக் காட்டினால் பெற்றோர் முகம் சுளிப்பார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு இன்று எதைக் கொடுக்கலாம் என்று, அண்மையில் படித்தவற்றிலிருந்து சில பரிந்துரைகளைச் சொல்லவே வந்திருக்கிறேன்.

ஃபேண்டஸி நாவல்களைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. இந்த வயதில் பிள்ளைகள் தாமாகத் தேடிப் போய்ப் படிப்பது பெரும்பாலும் இவற்றைத்தான். நாம் பரிந்துரைத்தாலும் பரிந்துரைக்காவிட்டாலும் படிக்கப்போகிறார்கள். அப்படியானால் நல்லதைப் படிக்கட்டும் என்று நினைப்பவர்கள், முதலில் தாங்கள் அவற்றைப் படித்திருக்க வேண்டும். நான் படித்தேன். படித்ததில் பலவற்றை ஒதுக்கிவிட்டேன். பிறக்கும்போதே நெற்றியில் எழுதிவைத்ததுபோல் சக்தியோடு பிறந்தவன், அல்லது பிறந்தவள், தன் இரத்தத்தின் பெருமையை உணர்ந்து பகைவரை அழித்து அரியணை ஏறுவதே பல நாவல்களின் கதை. பிறப்பால் வரும் உயர்வைக் கொண்டாடும் கதைகள் நம் ஊரில் வேண்டிய மட்டும் இருக்கின்றன. இன்னும் சிலவற்றை இறக்குமதி செய்யத் தேவையில்லை.

நான் எடுத்துவைத்த மூன்றும் வேறு வகை. ஒன்று ஜப்பானில் எழுதப்பட்டது. ஒன்று நைஜீரியாவில் நடப்பது. ஒன்று விக்டோரியா அரசி காலத்து இங்கிலாந்தைச் சேர்ந்தது. இவற்றில் மாயம் என்பது அறிவின் வேறொரு பெயர். யாருக்குத் தெரியும், யாரிடமிருந்து மறைக்கப்பட்டது, தெரிந்துகொள்ள என்ன கொடுக்க வேண்டும் என்பவையே கதையை நடத்துகின்றன. நாள் முழுதும் மதிப்பெண்ணுக்காகப் படிக்கும் நம் பிள்ளைகளிடம் அறிவைப் பற்றி நாம் பேசுவதே இல்லை. இந்த நாவல்கள் பேசுகின்றன.

முதலில் நஹோகோ உவேஹாஷி எழுதிய 'மொரிபிட்டோ: கார்டியன் ஆஃப் தி ஸ்பிரிட்'. ஜப்பானிய மூலம் 1996-இல் வெளிவந்தது. கேத்தி ஹிரானோவின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2008-இல் வந்து, மறு ஆண்டே அமெரிக்காவில் மொழிபெயர்ப்புச் சிறுவர் நூல்களுக்குத் தரப்படும் பாட்செல்டர் விருதைப் பெற்றது. 2014-இல் உவேஹாஷிக்கு ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் விருது கிடைத்தது. சிறுவர் இலக்கியத்தில் அதைவிடப் பெரிய விருது இல்லை.

கதாநாயகியின் பெயர் பால்சா. கூலிக்கு மெய்க்காவல் செய்பவள். கையில் ஈட்டி, உடம்பெல்லாம் பழைய வடுக்கள். வயது முப்பது. இளையோர் நாவலின் நாயகிக்கு முப்பது வயது என்பதைப் பல பதிப்பாளர்கள் ஏற்கமாட்டார்கள். பதினைந்து வயதுக்காரர்கள் பதினைந்து வயதுக்காரர்களைப் பற்றித்தான் படிப்பார்கள் என்பது அவர்கள் நம்பிக்கை. இந்த நாவல் அதைப் பொய்யாக்குகிறது. களைத்துப்போன, வலி தெரிந்த, தன் வேலையில் கைதேர்ந்த பெரியவர் ஒருவர் தம்மை நம்பி நடத்துவதைப் பிள்ளைகள் எவ்வளவு ஆசையோடு படிக்கிறார்கள் என்பதைக் கொடுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

தொடக்கத்தில் பால்சா ஆற்றுப் பாலத்தைக் கடக்கிறாள். மேலே அரச குடும்பத்தார் செல்லும் பாலத்தில் மாடு மிரள, வண்டியிலிருந்து சிறுவன் ஒருவன் ஆற்றில் வீழ்கிறான். அவள் குதித்துக் காப்பாற்றுகிறாள். அவன் நாட்டின் இரண்டாம் இளவரசன், சகும். அன்றிரவு அவன் தாய், இரண்டாம் அரசி, பால்சாவை அழைத்து உண்மையைச் சொல்கிறாள். பிள்ளையின் உடலுக்குள் ஏதோ ஓர் ஆவி முட்டையிட்டிருக்கிறது. அரச குலத்துக்கு அது களங்கம் என்று கருதி, பெற்ற தகப்பனான பேரரசனே அவனைக் கொல்ல ஆள் வைத்திருக்கிறான். பணம் தருகிறேன், இவனைக் கொண்டுபோய்விடு. மறுக்க வழியில்லாத வேண்டுகோள். அரண்மனை ரகசியத்தைக் கேட்டுவிட்டவளை அதன்பின் யார் உயிரோடு விடுவார்கள்? பால்சாவுக்கு அது தெரியும். தெரிந்தே பிள்ளையைக் கூட்டிக்கொண்டு புறப்படுகிறாள்.

துரத்தலும் சண்டையும் இருக்கின்றன. ஈட்டிச் சண்டையை உவேஹாஷி எழுதும் விதத்தில் எந்தக் கால் முன்னே இருந்தது, காயம் எந்தத் தோளில் என்பது வரை துல்லியமாகத் தெரியும். ஆனாலும் என்னைக் கட்டிப்போட்டது வேறு. அந்த முட்டை என்ன என்பதற்கு நாவலில் இரண்டு விளக்கங்கள் இருக்கின்றன. அரசு எழுதிவைத்த வரலாற்றில் அது நீர் அரக்கன். நாட்டை நிறுவிய முதல் பேரரசர் அதை வீழ்த்தினார் என்பது பெருமைக் கதை. அந்த மண்ணில் அவர்களுக்கு முன்பிருந்தே வாழும் யாக்கு மக்களின் கதையிலோ அது மழை தரும் ஆவி. அதன் முட்டை அழிந்தால் வறட்சி வரும். அரண்மனையின் வானநூல் அறிஞர்களில் ஷுகா என்ற இளைஞன், ரகசியமாகப் பூட்டிவைத்த கற்பலகைகளைப் பழைய மொழியில் எழுத்துக்கூட்டிப் படிக்கிறான். பலகை பலகையாகப் படிக்கப் படிக்க, தான் பாடமாகக் கற்ற வரலாறு அரசின் வசதிக்காகத் திருத்தப்பட்டது என்பது அவனுக்குப் புரிகிறது. இன்னொரு பக்கம், டோரோகாய் என்ற கிழவியும் மூலிகை வைத்தியன் டாண்டாவும் யாக்கு மக்களிடம் விசாரிக்கிறார்கள். அவர்களும் மறந்துவிட்டார்கள். வந்தவர்களோடு கலந்து, மொழி தேய்ந்து, சடங்கு மட்டும் மிஞ்சி, அதன் காரணம் போய்விட்டது. பாட்டியிடம் கேட்ட கதை ஒன்று ஒரு சிறுமிக்கு நினைவிருக்கிறது. திருவிழா வழக்கம் ஒன்றில் ஒரு துப்பு ஒளிந்திருக்கிறது.

உவேஹாஷி மானிடவியல் படித்தவர். ஆஸ்திரேலியப் பழங்குடி மக்களிடையே களப்பணி செய்தவர். எழுத்தில் இருப்பது ஆட்சியாளரின் குரல், வாய்மொழியில் இருப்பது மண்ணின் குரல் என்று எளிதாக இரண்டாகப் பிரித்துவிட அவருடைய அனுபவம் அவரை விடவில்லை. கற்பலகையில் உண்மையின் ஒரு பாதி இருக்கிறது, பாட்டி கதையில் மறு பாதி. பிள்ளையின் உயிர் பிழைக்க வேண்டுமானால் இரண்டையும் ஒன்றுசேர்க்க வேண்டும். ஒருவரையொருவர் பகைக்கும் இரண்டு கூட்டத்தாரிடம் அந்தப் பாதிகள் இருப்பதுதான் கதையின் முடிச்சு. வரலாற்றுப் பாடப்புத்தகம் எப்படி உருவாகிறது என்று பதின்மூன்று வயதுப் பிள்ளைக்குப் புரியவைக்க இதைவிடச் சிறந்த நூலை நான் பார்க்கவில்லை.

நாவலின் நடுவில் ஒரு குளிர்காலம் வருகிறது. பனி மூடிய மலைக்குகையில் பால்சாவும் டாண்டாவும் சகுமும் தங்குகிறார்கள். அப்போது பெரிதாக எதுவும் நடப்பதில்லை. சமைக்கிறார்கள், விறகு பிளக்கிறார்கள், பையன் சண்டைப் பயிற்சி பெறுகிறான். உவேஹாஷியின் கதைகளில் சாப்பாடு எப்போதும் முக்கியம். அவற்றில் வரும் உணவுகளைச் சமைத்துக் காட்டும் நூலே ஜப்பானில் வெளிவந்திருக்கிறது. அந்தக் குகையில்தான் சகும் வெடிக்கிறான்: நான் கேட்டேனா, என் உடம்பை ஏன் இதற்கு எடுத்துக்கொண்டது என்று. அந்த வயதுப் பிள்ளைகளின் உடம்பு அவர்களைக் கேட்காமல் மாறிக்கொண்டிருக்கும் காலம் அது. வாசிக்கும் பிள்ளைக்கு அந்தக் கோபம் யாரும் விளக்காமலே புரியும். பதிலாகப் பால்சா தன் கதையைச் சொல்கிறாள். ஆறு வயதில் அவளைக் காப்பாற்றிக் கூட்டிவந்தவர் ஜிகுரோ, அவள் தந்தையின் நண்பர். துரத்திவந்தவர்கள் ஜிகுரோவின் சொந்தத் தோழர்கள். அவளுக்காக அவர் எட்டுத் தோழர்களைக் கொல்ல நேர்ந்தது. அந்த எட்டு உயிர்களுக்கு ஈடாக எட்டு உயிர்களைக் காப்பேன் என்று அவள் சபதம் செய்திருக்கிறாள். ஒருவரைக் காக்க இன்னொருவரை அடித்து வீழ்த்த வேண்டியிருக்கிறதே, கணக்கு எப்போது நேராகும்? நாவல் இதற்குத் தீர்ப்பு வழங்குவதில்லை. முப்பது வயதுப் பெண்ணைக் கேள்வியோடு நிறுத்திவைத்து, பதினொரு வயதுப் பையன் அவளைப் பார்த்துக்கொண்டிருக்க விடுகிறது. முடிவை நான் இங்கே சொல்லப்போவதில்லை.

அடுத்தது நெடி ஒகோராஃபோரின் 'அகாட்டா விட்ச்'. 2011-இல் வெளிவந்தது. பிரிட்டனிலும் நைஜீரியாவிலும் இதே நாவலை 'வாட் சன்னி சா இன் தி ஃப்ளேம்ஸ்' என்ற பெயரில் பதிப்பித்தார்கள். நூலகத்துக்கு வாங்குவோர் இரண்டையும் வாங்கிவிடாதிருக்கச் சொல்லிவைக்கிறேன். தொடர்ச்சியாக 2017-இல் 'அகாட்டா வாரியர்', 2022-இல் 'அகாட்டா வுமன்'.

சன்னி நியூயார்க்கில் பிறந்து, ஒன்பது வயதில் பெற்றோரோடு தென்கிழக்கு நைஜீரியாவின் ஆபா நகருக்கு வந்தவள். இப்போது பன்னிரண்டு வயது. பிறவியிலேயே நிறமியில்லாத தோல். கால்பந்தில் அண்ணன்மார்களைத் தோற்கடிக்கும் கால்கள் இருந்தும், வெயிலில் இறங்கி ஆட முடியாது. தொடக்கத்தில் வரும் வகுப்பறைக் காட்சியை நம்மில் பலர் அடையாளம் கண்டுகொள்வோம். கட்டுரையில் சன்னிதான் முதல் மதிப்பெண். மற்றவர்கள் சரியாக எழுதவில்லை என்று ஆத்திரமடைந்த ஆசிரியை, பிரம்பைச் சன்னியின் கையில் கொடுத்து, இவர்களை நீயே அடி என்கிறார். சன்னி அடிக்க மறுக்கிறாள். பள்ளி விட்டதும் அதே வகுப்புப் பிள்ளைகள் அவளைச் சூழ்ந்துகொண்டு அடிக்கிறார்கள். நன்றாகப் படிப்பவளைப் பிற பிள்ளைகளின்மேல் ஏவும் தடியாக்குவது எப்படி நடக்கிறது என்பதை ஒகோராஃபோர் இரண்டே பக்கங்களில் காட்டிவிடுகிறார்.

பிறகு சன்னி நண்பர்கள் வழியாக 'சிறுத்தை மக்கள்' என்ற மறைவான சமூகத்தை அறிகிறாள். மந்திரம் தெரிந்த அந்தச் சமூகத்தின் பொருளாதாரம்தான் இந்த நாவலின் மிகச் சிறந்த கற்பனை. அவர்களின் காசுக்குச் சிட்டிம் என்று பெயர். அதை உழைத்தோ வியாபாரம் செய்தோ ஈட்ட முடியாது. ஏதேனும் ஒன்றைப் புதிதாகக் கற்றுக்கொண்டால், அந்தக் கணமே வானத்திலிருந்து கலகலவென்று காலடியில் வந்து விழும். சின்னதைக் கற்றால் சில்லறை; கடினமானதைக் கற்றால் குவியல். பொன்னாலான சிட்டிம்தான் மதிப்பில் தாழ்ந்தது, செம்பாலானதுதான் உயர்ந்தது. வாசிக்கும் பிள்ளை இதைக் கண்டதும் சிரிக்கும். பிறகு யோசிக்கும். தேர்வில் வாங்கிய மதிப்பெண்ணுக்கு அங்கே ஒரு சிட்டிம்கூட விழுவதில்லை. உண்மையில் புரிந்துகொண்டாயா என்பதை ஆசிரியர் தீர்மானிப்பதில்லை, பெற்றோர் தீர்மானிப்பதில்லை. புரிந்தால் விழும், இல்லையென்றால் இல்லை. பொய்யாகப் புரிந்ததுபோல் நடிக்க வழியே கிடையாது.

இன்னொன்று. வெளியுலகம் குறை என்று சொல்வதை இந்தச் சமூகம் திறமையின் வாசலாகப் பார்க்கிறது. எழுத்துகள் கண்முன் குழம்புவதால் படிக்கத் திணறும் ஓர்லுவுக்கு, பிறர் போட்ட மந்திரக் கட்டை அவிழ்ப்பது கைவந்த கலை. சன்னியின் நிறமின்மையே அவளைக் கண்ணுக்குப் புலப்படாதவளாக்குகிறது. குறையைப் புகழ்ந்து தேற்றும் வேலை இதில் இல்லை. வெயிலில் எரியும் தோலின் வேதனை எங்கும் மறைக்கப்படவில்லை. ஒகோராஃபோர் எழுத்துக்கு வந்த பாதையும் இதற்குத் துணை. விளையாட்டு வீராங்கனையாக இருந்தவர், பத்தொன்பது வயதில் முதுகுத்தண்டு அறுவை சிகிச்சைக்குப் பிறகு கால்கள் செயலிழந்து மருத்துவமனைப் படுக்கையில் கிடந்தார். அங்கேதான் முதன்முதலாகக் கதை எழுதத் தொடங்கினார். பிறகு நடக்கவும் கற்றார்.

தென்கிழக்கு நைஜீரியாவில் ந்ஸிபிடி என்ற குறியெழுத்து உண்மையிலேயே உண்டு. பானையிலும் துணியிலும் உடம்பிலும் வரையப்பட்டு, ரகசியக் குழுக்களால் பேணப்பட்டுவந்த பழைய எழுத்துமுறை. இரண்டாம் நாவலில் சன்னி அந்த எழுத்தில் அமைந்த நூலைப் படிக்கக் கற்கிறாள். ஒவ்வொரு முறை படிக்கும்போதும் அவள் உடல் சோர்ந்து பசியால் துவள்கிறது. படிப்பது உடம்பின் வேலையும்தான் என்று இவ்வளவு நேராகச் சொன்ன நாவல் எனக்குத் தெரிந்து வேறில்லை.

குறையையும் சொல்ல வேண்டும். முதல் நாவலின் இறுதிச் சண்டை அவசரமாக முடிந்துவிடுகிறது. நானூறு பக்கம் தாங்கக்கூடிய பகையை ஓர் அத்தியாயத்தில் தீர்த்துவிட்டார். பிள்ளைகளைக் கடத்திக் கொல்பவன் வில்லனாக வருவதால், பன்னிரண்டு வயதுக்குக் குறைந்தவர்களுக்கு இதைக் கொடுக்கமாட்டேன். சன்னியின் பாட்டி சிறுத்தைச் சமூகத்தவர் என்பதால், இதுவும் இரத்த வழி வந்த சக்திதானே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் பாட்டியைப் பற்றி வீட்டில் யாரும் வாய் திறக்கவில்லை. சன்னி எல்லாவற்றையும் அரிச்சுவடியிலிருந்து தொடங்குகிறாள். குலம் அவளுக்குக் கதவைத்தான் காட்டியது. உள்ளே போய் ஒவ்வொன்றையும் கற்றது அவள்தான்.

இப்படி அறிவுக்கு விலை வைத்து நடக்கும் கதை நமக்குப் புதிதல்ல. 1947 ஜூலையில் தொடங்கிய அம்புலிமாமாவில், முதுகில் பிணத்தைச் சுமந்து கையில் வாளோடு நடக்கும் விக்கிரமாதித்தனை ஓவியர் சங்கர் வரைந்தாரே, அந்தப் படத்தைப் பார்த்து வளர்ந்தவர்கள் இந்த அரங்கில் நிறையப் பேர். வேதாளம் வைக்கும் நிபந்தனையை நினைத்துப் பாருங்கள். பதில் தெரிந்தும் சொல்லாதிருந்தால் தலை வெடித்துவிடும். சொன்னாலோ மௌனம் கலைந்து வேதாளம் முருங்கை மரமேறிவிடும். தெரிந்தவனுக்கு இரண்டு பக்கமும் இழப்பு. அப்படிப்பட்ட கதையை எட்டு வயதில் நம் கையில் கொடுத்தார்கள். பதின்மூன்று வயதில் அதற்கடுத்த படி கிடைக்கவில்லை; நேராக வார இதழ்த் தொடர்கதைக்குத் தாவிவிட்டோம். அந்த இடைவெளியைத்தான் இன்று ஆங்கில நாவல்கள் நிரப்புகின்றன.

மூன்றாவது நாவல் ஃபிரான்சஸ் ஹார்டிங்கின் 'தி லை ட்ரீ'. 2015-இல் வெளிவந்து, பிரிட்டனில் அவ்வாண்டின் காஸ்டா விருதுகளில் எல்லாப் பிரிவுகளுக்கும் மேலான ஆண்டின் சிறந்த நூல் விருதை வென்றது. இளையோர்க்கான நூல் பெரியவர்களின் நாவல்களையும் வாழ்க்கை வரலாறுகளையும் முந்தி அந்தப் பரிசைப் பெறுவது அரிது. அதற்கு முன் 2001-இல் ஃபிலிப் புல்மனின் 'தி ஆம்பர் ஸ்பைகிளாஸ்' மட்டுமே, அந்த விருது விட்பிரெட் என்ற பெயரில் இருந்தபோது, அப்படி வென்றிருந்தது.

காலம் 1868. டார்வினின் நூல் வந்து ஒன்பது ஆண்டுகள். பதினான்கு வயது ஃபெய்த்தின் தந்தை பாதிரியார். புகழ்பெற்ற இயற்கை ஆய்வாளரும்கூட. அவர் கண்டெடுத்ததாகப் பெயர்பெற்ற புதைபடிவம் போலி என்று தெரிந்து ஊர் தூற்ற, குடும்பம் ஒரு தீவுக்கு ஓடிவருகிறது. அங்கே தந்தை இறந்துபோகிறார். தற்கொலை என்று ஊர் முணுமுணுக்கிறது. அன்றைய இங்கிலாந்தில் தற்கொலை செய்தவரின் சொத்தை அரசு பறிமுதல் செய்ய முடியும்; அந்தச் சட்டம் 1870-இல்தான் நீங்கியது. ஆகவே இறந்தவர் எப்படி இறந்தார் என்பது துக்க வீட்டில் சோற்றுக் கேள்வியாகிறது. கொலை என்று நம்பும் ஃபெய்த், தந்தை ஒளித்துவைத்த ஒரு செடியைக் கண்டுபிடிக்கிறாள். ஒளியே படாத இருட்டில் வளரும் செடி. அதனிடம் ஒரு பொய்யைக் கிசுகிசுத்து, அந்தப் பொய்யை ஊரில் பரப்பினால் பழம் காய்க்கும். எவ்வளவு பேர் நம்புகிறார்களோ அவ்வளவு பெரிய பழம். அதைத் தின்றால் ரகசியமான ஓர் உண்மை புலப்படும்.

உண்மையை அறியப் பொய்யைப் பரப்ப வேண்டும். இந்த ஒற்றைக் கற்பனையிலிருந்து ஹார்டிங் முழு நாவலையும் விளைவித்திருக்கிறார். ஃபெய்த் கெட்டிக்காரி. மனிதர்கள் எதை நம்ப விரும்புகிறார்களோ அதையே சொன்னால் பரப்பும் வேலையை அவர்களே செய்துவிடுவார்கள் என்பதை விரைவில் கற்றுக்கொள்கிறாள். தீவு பயத்திலும் பேராசையிலும் கொதிக்கிறது. ஆட்கள் காயப்படுகிறார்கள். அவளோ அடுத்த பழத்துக்குக் காத்திருக்கிறாள். கைப்பேசியில் வந்ததை அடுத்த நொடியே பத்துப் பேருக்குத் தள்ளிவிடும் வீடுகளில் வளரும் பிள்ளைக்கு இந்த நாவல் எங்கே நடக்கிறது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

பொய் சொல்லும் ஃபெய்த்தை வாசகர் வெறுக்க முடியாமல் போவதற்குக் காரணம், அவளுக்கு வேறு வழி விடப்படவில்லை என்பது. அவள் ஆர்வமாக அறிவியல் பேசத் தொடங்கும்போது, மண்டையோடுகளை அளந்து ஆராயும் டாக்டர் ஒருவர், பெண்ணின் மண்டை சிறியது, அதற்கேற்றதே அறிவும் என்று அன்பாகவே விளக்குகிறார். கொடுமை அந்த அன்பில்தான் இருக்கிறது. அந்தப் பக்கத்தைப் படிக்கும் சிறுமிகள் நிமிர்ந்து உட்காருவார்கள் என்று உறுதியாகச் சொல்வேன். இது வெறும் கற்பனை இல்லை. லைம் ரீஜிஸ் கடற்கரையில் சிறுமியாக இருந்தபோதே இக்தியோசாரின் எலும்புக்கூட்டைத் தோண்டியெடுத்த மேரி ஆனிங் 1847-இல் இறந்தார். லண்டன் புவியியல் கழகம் பெண்களை உறுப்பினராகச் சேர்த்தது 1919-இல்.

ஃபெய்த்தின் தம்பி ஹோவர்டுக்கு இடக்கைப் பழக்கம். அதை மாற்ற அவனுக்கு ஒரு தனி மேற்சட்டை. இடக்கைப் பகுதி தைத்து மூடப்பட்டிருக்கும். எழுத உட்காரும்போதெல்லாம் அதை மாட்டிவிடுவார்கள். கதைக்கு இது பெரிதாகத் தேவையில்லை. ஆனால் அந்த வீடு எப்படிப்பட்டது என்பதற்கு வேறு வருணனையே வேண்டாம். நம் வீடுகளிலும் சோற்றுக் கையை மாற்றச் சொல்லிப் பிள்ளைகளின் புறங்கையில் தட்டியிருக்கிறோம்.

தாய் மிர்ட்டிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். கணவன் சவம் கிடக்கும்போதும் அலங்காரத்தைப் பற்றி நினைப்பவள், ஆண்களிடம் குழைந்து பேசுபவள் என்று மகள் அவளை இகழ்கிறாள். வாசகரும் கூடச் சேர்ந்து இகழ்கிறார். சொத்தும் வருமானமும் சட்டமும் கைவிட்ட விதவைக்கு இரண்டு பிள்ளைகளைக் காப்பாற்ற இருந்த ஒரே ஆயுதம் அதுதான் என்பது பின்னால்தான் மகளுக்குப் புரிகிறது. பதினாறு வயதில் தாயை வெறுக்கும் மகள்கள் எல்லா ஊரிலும் உண்டு. அவர்களுக்கு இந்த நாவலைக் கொடுங்கள். எதுவும் சொல்லிக் கொடுக்க வேண்டாம். முதல் எண்பது பக்கம் மெல்ல நகரும், பொறுத்துக்கொள்ளச் சொல்லுங்கள், போதும்.

இந்த மூன்றுக்கும் முன்னோடியான ஒரு நாவலை விட்டுவிட முடியாது. உர்சுலா லெ குவினின் 'எ விஸார்ட் ஆஃப் எர்த்சீ', 1968. மந்திரவாதிகளுக்குப் பள்ளிக்கூடம் என்ற கற்பனையை ஹாரி பாட்டருக்கு 29 ஆண்டுகளுக்கு முன்பே இதில் காணலாம். நாயகன் கெட் செம்பழுப்புத் தோல் கொண்டவன். 2004-இல் தொலைக்காட்சித் தொடராக எடுத்தவர்கள் அவனை வெள்ளையனாக்கியபோது லெ குவின் வெளிப்படையாகக் கண்டித்து எழுதினார். அந்த நாவலில் எனக்கு மிகப் பிடித்த இடம் பள்ளிக்குப் போகும் முன்பு வருவது. கெட்டின் முதல் குரு ஓகியன், பேச்சைக் குறைத்த மனிதர். சிறுவனைக் கூட்டிக்கொண்டு நாள்கணக்கில் மலையில் நடக்கிறார். எப்போது பாடம் தொடங்கும் என்று பையன் பொறுமையிழக்கிறான். தொடங்கிவிட்டது என்கிறார் குரு. வழியோரச் செடி ஒன்றைக் காட்டுகிறார். இது எதற்குப் பயன்படும் என்று பையன் கேட்க, எனக்குத் தெரிந்து எதற்கும் பயன்படாது என்கிறார். எல்லாப் பருவத்திலும் அதன் வேரும் இலையும் பூவும் விதையும் உனக்குப் பழகிய பிறகுதான் அது என்ன என்று தெரியும் என்கிறார். கெட்டுக்கு அது புரிவதில்லை. சீக்கிரம் பெரியவனாக வேண்டும் என்று ஓடுகிறான். கர்வத்தில் ஒரு நிழலை உலகுக்குள் அவிழ்த்துவிடுகிறான். அதை அடைக்கப் போன மூத்த ஆசான் உயிரை விடுகிறார். அந்தச் செடியைப் பார்க்கப் பொறுமையில்லாததன் விலையை மீதி நாவல் முழுதும் அவன் கட்டுகிறான்.

இத்தகைய நூல்களைப் பள்ளியில் வைக்கலாமா என்று கேட்கும் பெற்றோர் இருக்கிறார்கள். பேயும் பில்லிசூனியமும் படித்துப் பிள்ளை கெட்டுவிடும் என்ற கவலை உண்மையான கவலை. ஏளனம் செய்யக் கூடாது. நூலகர் அவர்களிடம் ஒரு பிரதியைக் கொடுத்து, நீங்களும் படியுங்கள், அடுத்த வாரம் பேசுவோம் என்று சொல்வது நல்லது. பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் வரும் ஆண்டில் எதற்குக் கதைப்புத்தகம் என்ற கேள்விக்கு என்னிடம் இருக்கும் பதில் ஒன்றே: அந்த ஆண்டில்தான் பிள்ளைகளுக்கு இது அதிகம் தேவைப்படுகிறது. சகுமைப் போல, கேட்காமல் தன்மேல் ஏற்றப்பட்ட ஒன்றை அந்த ஆண்டு முழுதும் அவர்கள் சுமந்து நடக்கிறார்கள்.

இவை தமிழில் வரவேண்டும் என்பது என் விருப்பம். மூன்றையும் ஆங்கிலத்தில்தான் படித்தேன். 'மொரிபிட்டோ'வை ஆங்கிலத்திலிருந்து தமிழாக்காமல், ஜப்பானிய மொழி அறிந்த தமிழர் ஒருவர் நேராக மொழிபெயர்க்க வேண்டும். அப்படிப்பட்டவர்கள் இன்று இருக்கிறார்கள். மென்பொருள் வேலைக்காகக் கற்ற மொழியைக் கதைக்கும் பயன்படுத்தலாம். 'அகாட்டா விட்ச்'சில் வரும் இக்போச் சொற்களையும் உணவுப் பெயர்களையும் அப்படியே விட்டுவிடலாம். ஜொலோஃப் சோறு என்றால் தமிழ்ப் பிள்ளைக்குப் புரியாமல் போகாது. மூன்றிலும் கடினமானது 'தி லை ட்ரீ'. ஹார்டிங்கின் வாக்கியங்களில் உவமை நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும்; அவசரமாகச் செய்தால் கெட்டுவிடும். அதற்கு இரண்டு மூன்று ஆண்டு ஒதுக்கக்கூடிய, கவிதை தெரிந்த ஒருவர் வேண்டும். இந்த அறக்கட்டளையின் பொறுப்பாளர்கள் ஆண்டுச் சொற்பொழிவோடு மொழிபெயர்ப்புக்கும் ஒரு பங்கை ஒதுக்க முடியுமா என்று எண்ணிப்பார்க்க வேண்டுகிறேன்.

தமிழில் வரும்வரை ஆங்கிலப் பிரதிகளையாவது பள்ளி நூலகங்கள் வாங்கலாம். பன்னிரண்டு வயதுக்கு 'மொரிபிட்டோ', பதின்மூன்றுக்கு 'அகாட்டா விட்ச்', பதினைந்துக்கு 'தி லை ட்ரீ', எந்த வயதுக்கும் 'எர்த்சீ'. வாங்கும்போது ஒவ்வொன்றிலும் இரண்டு பிரதியாக வாங்குங்கள். பாதி படித்த நிலையில் பிள்ளைகளுக்கு உடனே பேச இன்னொருவர் வேண்டும். ஒரே பிரதி இருந்தால் நண்பர் முறைக்குக் காத்திருக்க வேண்டியிருக்கும், அதற்குள் பேச்சு ஆறிவிடும்.